யார் வண்டி, யார் வேலை: காரைக்காலில் கார்ச் செலவும் வருமான வரியும்

சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காரைக்கால் மாவட்டத்தில் எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். கிழக்கே விட்டால் கடல். வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி, தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். தலைமைச் செயலகம் இருக்கும் புதுச்சேரிக்கோ சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர் போக வேண்டும். இப்படியோர் ஊரில் பிழைப்பு ஊருக்குள் அடங்காது. காலையில் கிளினிக்கில் உட்காரும் டாக்டர் மதியம் நாகப்பட்டினத்தில் ஆபரேஷனுக்குப் போகிறார். வங்கி அதிகாரி கடன் வசூலுக்கு நெடுங்காட்டுக்கும் நிரவிக்கும் போகிறார். கப்பல் ஏஜென்ட் ஒரு நாளில் இரண்டு முறை துறைமுகத்துக்குப் போய் வருகிறார். எல்லாருக்கும் வண்டி வேலைக் கருவிதான். ஆனால் ரிட்டர்ன் போடும் நாள் நெருங்கும்போது, இந்தச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாமா என்ற கேள்விக்கு இவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கழித்தார் என்பார்கள்; அலுவலகத்து நண்பர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இந்தியச் சட்டம் வண்டியையோ பயணத்தையோ பார்த்து இதற்குப் பதில் சொல்வதில்லை. பணம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவை முதலில் பார்க்கிறது. பயணத்தைப் பிறகுதான் பார்க்கிறது. குழப்பம் எல்லாம் இந்த வரிசையிலிருந்துதான் பிறக்கிறது. இந்த வரிசை ஒரு பகுதியில் நியாயம், ஒரு பகுதியில் அநியாயம் என்பது இக்கட்டுரையின் வாதம். இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள்; விதி எண்கள் 1962ஆம் ஆண்டு விதிகளின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அதனிடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. எண்கள் மாறினாலும் இந்த அடிப்படைப் பாகுபாடு மாறவில்லை.

ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் முகவர் ஒருவரும் வளர்ச்சி அதிகாரி ஒருவரும் திருநள்ளாற்றுப் பக்கம் ஒரே வாடிக்கையாளரைப் பார்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஓடுவது ஒரே வேலைக்காக. பாலிசி விழ வேண்டும். முகவர் வாங்குவது கமிஷன். அது தொழில் வருமானம். பெட்ரோல், சர்வீஸ், தேய்மானம் எல்லாவற்றையும் அவர் கழிக்கலாம். கணக்கு எழுதாத சிறு முகவர்களுக்காக நேரடி வரிகள் வாரியம் 1993இலேயே ஒரு சுற்றறிக்கை விட்டது: ஆண்டுக் கமிஷன் 60,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், முதலாண்டுக் கமிஷனில் 50 சதவீதத்தையும் புதுப்பிப்புக் கமிஷனில் 15 சதவீதத்தையும், மொத்தம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், ரசீதில்லாமலே செலவாகக் கழித்துக்கொள்ளலாம். பக்கத்தில் வரும் வளர்ச்சி அதிகாரி கழகத்தின் ஊழியர். அவர் வாங்கும் ஊக்க போனஸைச் சம்பாதிக்க அவரும் ஊர் ஊராகத்தான் அலைகிறார். அந்த அலைச்சல் செலவுக்காக போனஸில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்று நாடு முழுக்க வளர்ச்சி அதிகாரிகள் வழக்காடினார்கள். ஆந்திரம், கர்நாடகம், சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்ளவில்லை: போனஸும் சம்பளம்தான், சம்பளத்துக்குச் சட்டம் சொன்ன கழிவு மட்டும்தான். குஜராத் உயர் நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது. ஒரே சாலை, ஒரே வெயில், ஒரே வேலை. ஒருவருக்குச் செலவு செலவாகிறது, மற்றவருக்கு அது சொந்தச் செலவாகவே நின்றுவிடுகிறது.

சம்பளக்காரருக்கு இந்த வாசல் எப்போதும் அடைத்திருக்கவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தபோது, சொந்த வண்டியை வேலைக்குப் பயன்படுத்தும் ஊழியருக்கு அதன் பராமரிப்புக்கும் தேய்மானத்துக்கும் அதிகாரி மதிப்பிடும் ஒரு தொகையைக் கழிக்க 16ஆம் பிரிவிலேயே தனி உட்பிரிவு இருந்தது. வேலை நிபந்தனையின்படி ஊழியர் தன் கையிலிருந்து முழுக்கவும், தவிர்க்க முடியாமலும், வேலைக்கென்று மட்டுமே செய்த செலவுக்கு இன்னொரு உட்பிரிவு இருந்தது. காரைக்கால் இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஒன்றியப் பிரதேசங்களுக்கு வரிச் சட்டங்களை நீட்டிய 1963ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் மூலம் அந்த ஆண்டு ஏப்ரல் முதல் இங்கும் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆக, காரைக்கால் சம்பளக்காரருக்கும் சுமார் 12 ஆண்டுகள் இந்த உரிமை இருந்தது. 1974இல் ஒய்.பி. சவான் நிதியமைச்சராக இருந்தபோது அந்தக் கழிவுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி ‘ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்’ என்ற மொத்தக் கழிவாக்கினார்கள்: சம்பளத்தின் முதல் 10,000 ரூபாயில் 20 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம், உச்சம் 3,500 ரூபாய். கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. வண்டிப்படி வாங்குகிறவருக்கும், முதலாளி வண்டியைச் சொந்தத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறவருக்கும் இந்தக் கழிவு 1,000 ரூபாயோடு நிறுத்தப்பட்டது. மொத்தக் கழிவின் பெரும்பகுதி வண்டிச் செலவுக்காகத்தான் என்று அன்றைய சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. 2005இல் ப. சிதம்பரம் அந்தக் கழிவையே எடுத்துவிட்டார். 2018இல் அருண் ஜேட்லி 40,000 ரூபாயாகத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதற்கு ஈடாக மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப்படி விலக்கையும் 15,000 ரூபாய் மருத்துவச் செலவு விலக்கையும் எடுத்துக்கொண்டார். கூட்டிப் பார்த்தால் லாபம் 5,800 ரூபாய். 2019இல் அது 50,000 ஆயிற்று; 2024 ஜூலை பட்ஜெட்டில் புதிய வரி முறைக்கு மட்டும் 75,000 ஆயிற்று.

மொத்தக் கழிவுக்கு ஆதரவாகச் சொல்வதில் சாரம் இருக்கிறது. கோடிக்கணக்கான சம்பளக்காரர்களின் பெட்ரோல் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க எந்தத் துறையாலும் முடியாது. ரசீது சேர்க்கத் தெரிந்தவனுக்கு ஒன்று, தெரியாதவனுக்கு ஒன்று என்று ஆகிவிடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் சண்டையில்லை. இதெல்லாம் சரி. ஆனால் எல்லாருக்கும் ஒரே தொகை என்பது எல்லாருக்கும் ஒரே செலவு இருந்தால்தான் நியாயம். வேலைக்காக ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் சொந்தக் காரை ஓட்டும் ஒரு கள அதிகாரியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் எரிபொருள் மட்டும் ஒரு லட்சம் ரூபாய். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், தேய்மானம் இதில் சேரவில்லை. அவருக்கும் 75,000, நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத அவருடைய மேலாளருக்கும் 75,000. மேலாளர் மிச்சம் பிடிக்கிறார், கள அதிகாரி செலவழித்த பணத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறார். வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் செலவுக்கு மொத்தக் கழிவு பொருத்தமான மருந்து. அந்தப் பயணம் எல்லாருக்கும் உண்டு. எங்கே குடியிருப்பது என்பது அவரவர் தேர்வு. இங்கிலாந்தில் 1952இல் ஒரு வழக்கறிஞர் வீட்டிலிருந்து தன் அலுவலகம் போகும் செலவைக் கேட்டு வழக்காடியபோது நீதிமன்றம் சொன்னதன் சாரமும் இதுதான். வேலை செய்யும்போதே ஆகும் பயணம் வேறு இனம். இரண்டையும் ஒரே பையில் போட்டதுதான் 1974இன் குறை.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும் ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. பலருக்கு அது தெரியவில்லை. 10(14) பிரிவின் முதல் உட்பிரிவும் 2பிபி விதியும் சேர்ந்து சொல்வது இது: வேலைக் கடமையைச் செய்யும்போது ஆகும் வண்டிச் செலவுக்கென்று முதலாளி தனியாகக் கொடுக்கும் படியில், உண்மையில் செலவான அளவுக்கு வரி இல்லை. இதற்குத் தொகை உச்சவரம்பு கிடையாது. மற்ற விலக்குகளை எல்லாம் வாரிச் சுருட்டிய புதிய வரி முறையிலும் இது தப்பிப் பிழைத்திருக்கிறது. டூர் படியும் மாறுதல் படியும் அப்படியே. மாஹேயிலிருந்தோ ஏனாமிலிருந்தோ காரைக்காலுக்கு மாற்றலாகி வரும் புதுச்சேரி அரசு ஊழியருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் பெயர்க் குழப்பத்தில் பலர் தவறுகிறார்கள். அரசு ஊழியரின் சம்பளச் சீட்டில் மாதாமாதம் வரும் ‘டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ்’ வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடைப்பட்ட பயணத்துக்கானது. ஏழாவது ஊதியக் குழுவின்படி காரைக்கால் போன்ற ஊர்களில் ஒன்பதாம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 3,600 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும். 2018க்குப் பிறகு அது முழுக்க வரிக்குரியது. பார்வை, செவி, கைகால் குறைபாடுள்ள ஊழியருக்கு மட்டும் 1962ஆம் ஆண்டு விதிகள் மாதம் 3,200 ரூபாய் வரை விலக்குக் கொடுத்தன. ‘கன்வேயன்ஸ் அலவன்ஸ்’ என்பது இதன் அண்ணன் தம்பி அல்ல, வேறு குடும்பம். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது முதலாளியின் கையில். கொடுக்காத முதலாளியிடம் வேலை பார்ப்பவர் எவ்வளவு ஓடினாலும், எவ்வளவு துல்லியமாகக் குறித்து வைத்தாலும், ரிட்டர்னில் அதை எழுத இடமில்லை.

இதை ஒழுங்காக நடத்தும் ஒரு தொழில் உண்டு என்றால் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளின் தொழில். அங்கே ஒவ்வொரு ஊருக்கும் எச்.க்யூ., எக்ஸ்-ஸ்டேஷன், அவுட்-ஸ்டேஷன் என்று வகை பிரித்து, ஊருக்கு ஊர் தூரம் போட்ட ஃபேர் சார்ட் ஒன்று இருக்கும். கும்பகோணத்தை எச்.க்யூ.வாகக் கொண்ட பிரதிநிதி காரைக்காலுக்கு வந்தால் அது எந்த வகை, எத்தனை கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முன்பே முடிவாகியிருக்கும். அன்று எந்தெந்த டாக்டரைப் பார்த்தார் என்பது டி.சி.ஆர். என்ற அன்றாட அறிக்கையில் ஏறிவிடும். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் பயணம் நடந்ததா, வேலைக்காக நடந்ததா என்பதற்குப் பெட்ரோல் ரசீதே தேவையில்லை. வருமான வரி விதிகளும் உண்மையில் இதைத்தான் கேட்கின்றன. முதலாளி கார் கொடுத்தாலும், ஊழியரின் காருக்குச் செலவைத் திருப்பிக் கொடுத்தாலும், அது முழுக்க வேலைக்கான பயணம் என்று விலக்குக் கேட்க வேண்டுமானால் பயணத் தேதி, போன இடம், தூரம், செலவு நான்கும் பதிவாகியிருக்க வேண்டும். கடமைக்காகத்தான் போனார் என்று முதலாளி சான்று தர வேண்டும். பதிவில்லாமல் வேலைக்கும் சொந்தத்துக்கும் கலந்து பயன்படுத்தினால் 1962ஆம் ஆண்டு விதிகள் ஒரு மொத்தத் தொகையை வைத்துக்கொண்டன: 1.6 லிட்டர் வரை இன்ஜின் உள்ள காருக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400, டிரைவர் இருந்தால் கூடுதலாக 900. ஊழியரின் சொந்தக் காருக்கு முதலாளி திருப்பிக் கொடுத்தால், அந்தத் தொகைபோக மிச்சமெல்லாம் ஊழியரின் வருமானம். முதலாளி கொடுக்கும் காரில் போகிறவருக்கு இருக்கும் தாராளம், சொந்தக் காரை ஓட்டுகிறவருக்கு இல்லை என்பது கூர்ந்து பார்த்தால் தெரியும்.

காரைக்காலில் இந்த விஷயத்தைப் பேசும்போது பிரான்சை விட முடியாது. இங்குள்ள பல குடும்பங்களில் ஒரு கிளை பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வேலை பார்க்கிறது. அண்ணன் பாரிஸ் புறநகரில் சம்பளக்காரர், தம்பி கோட்டுச்சேரியில் சம்பளக்காரர் என்று வைத்துக்கொண்டால், இருவரின் வரிக் கணக்கும் எதிரெதிராக நிற்கும். பிரான்சில் சம்பளத்தில் 10 சதவீதம் தானாகவே செலவாகக் கழிக்கப்படும். அது போதாது என்று நினைப்பவர் அதை விட்டுவிட்டு உண்மைச் செலவைக் காட்டலாம். காருக்கு ரசீது கேட்பதில்லை. அரசே கிலோமீட்டர் அட்டவணை போட்டிருக்கிறது. வரிக் கணக்கில் 5 குதிரைத்திறன் என்று வகைப்படுத்திய கார் 5,000 கிலோமீட்டர் வரை ஓடினால், 2023இல் போட்ட அட்டவணைப்படி கிலோமீட்டருக்கு 0.636 யூரோ, 5,000 கிலோமீட்டருக்கு 3,180 யூரோ. எரிபொருள், தேய்மானம், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் அதற்குள் அடக்கம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பயணத்தைக்கூட ஒரு வழிக்கு 40 கிலோமீட்டர் வரை சேர்த்துக்கொள்ள விடுகிறார்கள். ஆஸ்திரேலியா அந்த அளவுக்குப் போவதில்லை. வேலைக்கு நடுவே ஆகும் பயணத்துக்கு மட்டும், 5,000 கிலோமீட்டர் வரை, 2024-25க்குக் கிலோமீட்டருக்கு 88 சென்ட். அதற்கு மேல் வேண்டுமானால் தொடர்ந்து 12 வாரம் லாக் புக் எழுத வேண்டும். அமெரிக்கா இதற்கு நேர் எதிர். சம்பளக்காரருக்கு இருந்த உரிமையை 2018 முதல் நிறுத்திவைத்து, 2025இல் நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. ஆக, உலகம் ஒரே திசையில் போகிறது என்றோ இந்தியா தனித்து நிற்கிறது என்றோ சொல்ல முடியாது. ஆனால் அனுமதிக்கும் இந்த நாடுகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. அவை கேட்பது லிட்டரை அல்ல, கிலோமீட்டரை. எனக்குப் பிடித்தது பிரிட்டனின் ஏற்பாடு. ஊழியரின் காருக்கு முதலாளி மைலுக்கு 45 பென்ஸ் வரை வரியில்லாமல் கொடுக்கலாம் என்று 2011இல் வைத்தார்கள். முதல் 10,000 மைலுக்கு அந்த விகிதம், பிறகு 25 பென்ஸ். முதலாளி அதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும், கொடுக்கவே இல்லையென்றாலும், வித்தியாசத்தை ஊழியரே தன் கணக்கில் கழிக்கலாம். நம் 10(14)இல் இல்லாத அரை வாக்கியம் அதுதான்.

தொழில் நடத்துபவர் பக்கம் திரும்பினால் சட்டத்தின் முகமே மாறுகிறது. 37(1) பிரிவு கேட்பது, செலவு முழுக்கவும் தொழிலுக்கென்று மட்டுமே ஆனதா என்பதுதான். தவிர்க்க முடியாததா என்று கேட்பதில்லை. 1961ஆம் ஆண்டு மசோதாவில் அந்த நிபந்தனையையும் எழுதியிருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் கைவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1979இல் சாசூன் ஜே. டேவிட் வழக்கில் எடுத்துச் சொன்னது. பஸ்ஸில் போயிருக்கலாமே என்று அதிகாரி தொழில்காரரைக் கேட்க முடியாது; அந்தக் காலத்துச் சம்பளக்காரரைக் கேட்டிருக்கலாம். காரின் விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானம். வாடகைக்கு விடும் கார் என்றால் 30 சதவீதம். எண்ணெய் நிறுவனத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பந்தத்தில் கார் விடும் காரைக்கால் உரிமையாளர்கள் இந்த இரண்டாவது வகை. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். வாடகைக்கு விடாத 10 லட்சம் ரூபாய்க் காரை ஒரு ஒப்பந்ததாரர் நவம்பரில் வாங்கினால் அந்த ஆண்டுத் தேய்மானம் 75,000. நாலில் ஒரு பங்கு ஓட்டம் வீட்டுக்கு என்றால் 38(2) பிரிவு அந்தப் பங்கை வெட்டும், மிஞ்சுவது 56,250. பலர் தடுக்கி விழும் இடம் இ.எம்.ஐ. மாதத் தவணையை அப்படியே செலவில் எழுதிவிடுகிறார்கள். அதில் வட்டி மட்டும்தான் செலவு. அசலுக்குப் பதிலாகத்தான் தேய்மானம் கிடைக்கிறது. இரண்டையும் எழுதினால் ஒரே காரை இரண்டு முறை கழித்ததாகும்.

அந்த நாலில் ஒரு பங்கை யார் முடிவு செய்வது? சண்டையெல்லாம் இங்கேதான். தனிநபர் தொழிலிலும் கூட்டு நிறுவனத்திலும் வரி அதிகாரிகள் வண்டிச் செலவில் ஐந்தில் ஒன்றையோ பத்தில் ஒன்றையோ சொந்த உபயோகம் என்று வெட்டுவது பழகிப்போன வழக்கம். பெரும்பாலும் அதற்கு ஆதாரம் காட்டுவதில்லை. ஆனால் சொந்தமாக ஓட்டவே இல்லை என்பதற்கு இந்தப் பக்கமும் ஆதாரம் இருப்பதில்லை. ஐந்தில் ஒன்று என்பது வானத்திலிருந்து விழுந்த எண்ணும் அல்ல. 2005இல் கொண்டுவந்து 2009இல் எடுத்த விளிம்பு நலன் வரியில், கம்பெனிகளின் கார் செலவில் 20 சதவீதத்தை ஊழியருக்குப் போன நலன் என்று நாடாளுமன்றமே வைத்தது. அந்த வரி போய்விட்டாலும் எண் அதிகாரிகளின் மனதில் தங்கிவிட்டது போலும். கம்பெனி என்றால் கதை வேறு. கம்பெனிக்குச் சொந்த உபயோகம் என்று ஒன்று இருக்க முடியாது. இயக்குநர் காரைச் சொந்தமாக ஓட்டினால் அதை அவருடைய கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாயாஜி அயர்ன் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. அதையே தீர்ப்பாயங்கள் பின்பற்றி வருகின்றன. ஒரே குடும்பம், ஒரே கார். தொழிலைக் கம்பெனியாகப் பதிவு செய்தால் வெட்டு விழாது, கூட்டு நிறுவனமாக வைத்திருந்தால் விழும். இங்கும் பயணத்தைவிட உறவுதான் முந்துகிறது.

வெட்டைத் தடுக்க வேண்டுமானால் காரைக்கால்காரருக்கு மற்றவரைவிடக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு உண்டு. முகமறியா மதிப்பீடு 2019இல் தொடங்கி 2021இல் சட்டப் பிரிவாகவே ஆகிவிட்டது. கணக்கைப் பார்ப்பவர் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாது. உள்ளூர் அதிகாரிக்குச் சொல்லாமலே புரியும் விஷயம் அவருக்குப் புரியாது. பிஒய்-02 பதிவெண் வண்டி மாதத்தில் இருபது நாள் வேறு மாநிலச் சாலையில் ஏன் ஓடுகிறது? நாகப்பட்டினம் 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதை வரைபடத்தைப் பார்க்காத ஒருவருக்கு லாக் புக்தான் சொல்ல வேண்டும். எரிபொருள் ரசீதை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரியில் பெட்ரோல், டீசல் மீதான வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் சுற்று வட்டார வண்டிகளெல்லாம் காரைக்கால் பங்கில்தான் டேங்க் நிரப்புகின்றன. எனவே காரைக்கால் ரசீது, வண்டி காரைக்காலில் ஓடியதற்கோ வேலைக்காக ஓடியதற்கோ சான்று ஆகாது. அந்த ரசீதும் வெப்பத்தாளில் அச்சானது. சில மாதத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். டாக்டர், வழக்கறிஞர் போன்றோர் கணக்குப் புத்தகங்களை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது 1962ஆம் ஆண்டு விதிகளின் 6எஃப் விதி. தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீட்டர் அளவு, யாரைப் பார்க்க என்ற ஐந்து கட்டம் போட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பை நிறைய ரசீதைவிட வலுவானது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த ஒர்க்‌ஷாப் செலவு 40ஏ(3)இல் அடிபடும். சிக்னலை மீறியதற்கும் பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டியதற்கும் கட்டிய அபராதம் செலவாகாது. பர்மிட் கட்டணமும் டோலும் ஆகும். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வண்டிக்கு, பயணிகளை ஏற்றும் தொழில் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு கிடையாது. அந்த வரியையும் காரின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் கேட்கலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூமில் பிடிக்கும் ஒரு சதவீத டி.சி.எஸ். செலவல்ல, முன்கூட்டிக் கட்டிய வரி. பலர் அதைக் கேட்டு வாங்காமலே விடுகிறார்கள்.

கணக்கு எழுதாமல் 44ஏடி, 44ஏடிஏ பிரிவுகளில் உத்தேச வருமானம் காட்டுபவருக்கு இந்தப் பேச்சே இல்லை. டாக்டர் 30 லட்சம் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால், மீதிப் பாதிக்குள் கார் செலவும் ஐக்கியம். அதற்கு மேல் கார் செலவென்று தனியாக ஒரு ரூபாய் கேட்க முடியாது. அவருடைய மொத்தச் செலவு உண்மையிலேயே 15 லட்சத்தைத் தாண்டினால்தான் கணக்கும் தணிக்கையும் பலன் தரும். மருத்துவமனைக்குப் போகும் டாக்டர் தன் 26ஏஎஸ் வரிப்பிடித்தப் பட்டியலைப் பார்ப்பதும் நல்லது. 194ஜேயில் வரி பிடித்திருந்தால் அவர் தொழில்காரர்; 192இல் பிடித்திருந்தால் சம்பளக்காரர். நாகப்பட்டினம் போய்வரும் கார் ஒன்றுதான். ஆனால் மருத்துவமனை எந்தப் பிரிவைத் தேர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் செலவு கணக்கில் ஏறும், அல்லது ஏறாது.

இத்தனைக்கும் எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. மொத்தக் கழிவையும் சேர்த்தால் சம்பளக்காரருக்கு 12,75,000. அப்படியானால் காரைக்காலில் பைக்கில் அலையும் கள ஊழியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது? அதிகம் சம்பாதிக்கும் சிலருக்காக 1974இல் அடைத்த வாசலைத் திரும்பத் திறந்தால், போலி ரசீது வியாபாரம்தான் வளரும். 2025 ஜூலை 14இல் போலிக் கழிவுகளைத் தேடி வருமான வரித் துறை 150 இடங்களில் சோதனை நடத்தியது எதற்காக என்றும் கேட்பார்கள்.

ஆட்சேபத்தின் முதல் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாதம் 30,000 ரூபாய் வாங்கும் வசூல் பிரதிநிதியின் பெட்ரோல் பிரச்சினைக்கு வருமான வரிச் சட்டம் இனிப் பதில் அல்ல. அவருடைய கம்பெனி கிலோமீட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான் அவருக்குரிய கேள்வி. ஆனால் இதையே திருப்பிப் பார்த்தால் இரண்டாம் பாதி பலவீனமாகிறது. கோடிக்கணக்கானவர்களின் கணக்கைப் பார்க்க முடியாது என்பதுதான் மொத்தக் கழிவுக்கு 50 ஆண்டாகச் சொன்ன காரணம். வரி கட்டும் சம்பளக்காரர்களின் வட்டம் சுருங்கிவிட்ட இன்று, அதிலும் சொந்த வண்டியை வேலைக்கு ஓட்டுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மூத்த வளர்ச்சி அதிகாரிகள், வங்கிகளின் மண்டல அதிகாரிகள், சைட் சைட்டாகப் போகும் பொறியாளர்கள், பழைய முறையிலேயே நிற்கும் சிலர். இவர்களுக்கு அரசு ஒரு கிலோமீட்டர் விகிதத்தை அறிவித்து, ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று உச்சவரம்பும் வைத்து, முதலாளி கொடுத்ததுபோக மிச்சத்தைக் கழிக்கவிட்டால் கருவூலத்துக்குப் பெரிய இழப்பு வராது. போலிக்கும் இடம் குறைவு. சோதனைகளில் பிடிபட்ட கழிவுகளை மறுக்கும் சாட்சி முதலாளியின் அலுவலகத்தில் இருந்திருக்காது. பயணத்துக்கோ டி.சி.ஆர்., ஆய்வு அறிக்கை, சைட் பதிவேடு என்று மூன்றாம் ஆளின் பதிவு எங்காவது இருந்தே தீரும். இதற்குப் புதுப் படிவமும் வேண்டியதில்லை. சம்பளக்காரர் நிரப்பும் ஐ.டி.ஆர்.-1இலேயே விலக்குப்படிகளின் பட்டியலில் 10(14)(i) வரி ஏற்கெனவே இருந்தது. முதலாளி கொடுத்த படியை மட்டும் ஏற்றுக்கொண்ட அந்தக் கட்டம், கொடுக்காததையும் ஏற்க 2பிபி விதியைத் திருத்தினால் மட்டும் போதாது. படி என்று ஒன்று தனியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பிரிவே சொல்வதால், நாடாளுமன்றம் தொட வேண்டியது சட்டத்தையே. 1961க்குப் பதிலாக 2025இல் முழுச் சட்டத்தையும் புதிதாக எழுதியபோது அதற்கு வாய்ப்பு இருந்தது; 75,000த்தை அப்படியே பெயர்த்து எழுதினார்கள்.